மூன்று நாய்களும் ஓர் ஆமெனும்

நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. குடவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். கடைசி பெஞ்சில் ஒருவன் புளியங்காய் தின்றால், கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் பெயரைச் சொல்வேன். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நிற்கும். அப்படிப்பட்டவளின் மானத்தை எங்கள் வீட்டு நாய்கள் மூன்றும் சேர்ந்து ஒரே மாதத்தில் கப்பலேற்றின.

ஓர் ஐப்பசி மழையில், வயலுக்குப் போகும் வழியிலிருக்கும் மதகடியில் சிமெண்ட் சாக்குக்குள் கிடந்த குட்டிகள் அவை. மூன்றும் ஆண். துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். பிற்பாடு இரண்டையாவது அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரேதான். நியாயத்துக்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பெயர் வைத்தது நான். பெரிய தலையோடு இருந்தவனுக்கு டைகர். டிராக்டர் ஹார்ன் அடித்தாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்பது அப்போது தெரியாது. டீயில் தொட்டுத் தின்னும் பிஸ்கட்டின் நிறத்தில் இருந்தவனுக்கு பிஸ்கட். மூன்றாவது நோஞ்சானாக இருந்ததால் பெயர் வைக்கும்வரை பிழைக்குமா என்று பார்க்கலாம் என இருந்தோம். அதுவரைக்கும் சின்னது என்றோம். இன்றைக்கு மூன்றிலும் பெரியது சின்னதுதான். என் மாமியாருக்கு இந்தப் பெயர் சூட்டும் விழாவே பிடிக்கவில்லை.

"நாய்க்கு என்னாத்துக்கும்மா பேரு? சோத்துச் சட்டிய தட்டுனா வந்துட்டுப் போவுது" என்றார். நாய்களை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. முற்றத்தில் படுத்திருந்தால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவார்.

தப்பு எங்கே நடந்தது என்றால், சாப்பாட்டு நேரத்தில். நாங்கள் லுத்தரன் குடும்பம். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மாமியார்தான் ஜெபிப்பார். அவர் மழையில் தொடங்கி, பஞ்சாயத்துத் தலைவரைத் தொட்டு, தன் பிள்ளைகள் மூவரிடமும் வந்து முடிப்பதற்குள் குக்கர் ஆறிவிடும். ஜெபம் முடிந்ததும் முதல் வேலை நாய்களுக்குச் சோறு. வாசற்படியில் மூன்று தட்டும் ஒரே நேரத்தில் இறங்கும். இப்படியே இரண்டு வருடம் போனதில், 'ஆமென்' என்றால் சோறு என்று மூன்றும் முடிவு கட்டிவிட்டன. அவற்றுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போதகர் ஒருமுறை வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்தார். நல்ல நீளமாக ஜெபிப்பவர். நடுவில் மாமியார் உணர்ச்சிவசப்பட்டு 'ஆமென்' என்று சொல்லிவிட்டார். மூன்றும் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, போதகர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியாமல் ஜெபித்துக்கொண்டே போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிஸ்கட், அவர் கால் கட்டை விரலை நக்கி ஞாபகப்படுத்தினான். ஜெபம் அன்றைக்குச் சீக்கிரம் முடிந்தது. இதற்காக பிஸ்கட்டை நான் கண்டிக்கவில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வாத்துகள் வந்தபோதுதான் விவகாரம் முற்றியது.

எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள். சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் வாத்து தின்னும்; வயலுக்கு எரு கிடைக்கும். என் மாமனார் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட அதே வயல்தான் இன்று எங்களுடையது. அதனால் அந்த மண்ணுக்கு ஒரு பிடி எரு கிடைப்பதென்றாலும் என் கணவருக்குக் கல்யாண விருந்து மாதிரி. போன வருடம் வாத்துக்காரரைக் கூத்தாநல்லூர் வரை போய் அழைத்து வந்தார். நாய்களை மாட்டுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டினோம். எப்படியோ அவிழ்ந்துகொண்டன. மூன்றும் ஒரே பாய்ச்சலாக வாத்துக் கூட்டத்துக்குள் இறங்கின. ஒரு வாத்தையும் கடிக்கவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் கூட்டம் நாலா பக்கமும் சிதறி, அடுத்தவர் உளுந்தில் இறங்கி, வாய்க்காலில் மிதந்து, ஒரு வாத்து கொல்லையில் புழங்காமல் கிடந்த பழைய குளியலறைக்குள் போய் இரண்டு நாள் கழித்து மாமியார் கதவைத் திறந்தபோது கத்தியது. அவரும் கத்தினார்.

சங்கிலியை அவிழ்த்தது யார் என்ற வழக்கு தீரவேயில்லை. கணவர் என்னைச் சொன்னார். நான் கொக்கியைச் சொன்னேன்.

இந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்ததும், கணவர் வாத்துக்காரரை எப்படியோ கெஞ்சி மறுபடி வரச் சம்மதிக்க வைத்தார். அதோடு எனக்கு ஓர் உத்தரவும் வந்தது.

"இந்தா பாரு டீச்சர். மூணும் சேந்தா அது நாய் இல்ல, கும்பல். கட்டிப் போட்டா ஊளையிட்டே வாத்த வெரட்டிப்புடும். ஒன்ன கூப்ட்டா ஒன்னு வரணும், நில்லுன்னா நிக்கணும். மாசிக் கடைசியில வாத்து வருது. அன்னைக்கு நீ தனித்தனியா கூப்ட்டுக் காட்டு, மூணையும் வச்சுக்குவோம். இல்லன்னா ஒன்னு மட்டும் இங்க. ரெண்டு ரைஸ் மில்லுக்கு."

சீர்காழி பக்கம் அவர் சிநேகிதர் ஒருவர் ரைஸ் மில் வைத்திருக்கிறார். காவலுக்கு நாய் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். டைகரை மில் காவலுக்கு வைத்தால், திருடன் வரும்போது டைகரையும் சேர்த்து ஒளித்து வைக்க ஆள் வேண்டியிருக்கும். நான் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயந்துவிட்டேன். அவர் சொன்னால் செய்கிறவர். பரீட்சைத் தாள் திருத்தும்போது என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குபவன் டைகர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் பையை மோந்து பார்த்து அனுமதி கொடுப்பவன் பிஸ்கட். சின்னதை நான் இங்க் ஃபில்லரில் பால் விட்டு வளர்த்தேன். இதில் எந்த இரண்டு என்று ஒரு ராத்திரிகூட என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

சரி, வருகைப் பதிவேடு எடுத்துப் பழகியவள்தானே என்று துணிந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஜெபத்துக்கு முன் அரை மணி நேரம் வகுப்பு. மூன்றையும் வரிசையாக உட்கார வைத்து, மடியில் நெத்திலிக் கருவாட்டு டப்பாவோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். "டைகர்!" மூன்றும் வந்தன. டைகருக்கு மட்டும் ஒரு நெத்திலி. "பிஸ்கட்!" மூன்றும் வந்தன. பிஸ்கட்டுக்கு ஒன்று. கிடைக்காதவன் தன் தவறை உணர்ந்து அடுத்த முறை உட்கார்ந்திருப்பான் என்பது என் எண்ணம். அவை உணர்ந்தது வேறு. எந்தப் பெயருக்கும் போய் நில், மூன்றில் ஒருமுறை விழும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களைப் போல அத்தனை நம்பிக்கையோடு வந்து நின்றன.

இரண்டாவது வாரம் மூன்றையும் மூன்று மூலையில் கட்டினேன். ஒருவனைக் கூப்பிட்டால் மூன்று கயிறும் விறைத்தன. போனில் ஒரு வெளிநாட்டு அம்மாள் நாய் பழக்கும் வீடியோ பார்த்தேன். அந்த நாய்கள் தலை சீவிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஓசை வைத்திருந்தார். நானும் டைகருக்குக் கரண்டி, பிஸ்கட்டுக்கு விசில், சின்னதுக்குக் கைதட்டு என்று பிரித்தேன். கணவர் வயலிலிருந்து வரும்போது நான் ஒரு கையில் கரண்டியும் வாயில் விசிலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"பேண்டு செட்டு எந்தக் கல்யாணத்துக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளை நிறுத்திக்கூட வைக்க முடியாமல் சிரித்தார்.

மாமியார் கொல்லை வாசலில் முறத்தோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "ஏம்மா, எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சு, கருவாட்டையும் கையில வச்சுக்கிட்டு கூப்ட்டா எப்புடி வரும்?"

"இது ஒரு முறைங்க அத்தை. மனோதத்துவம்" என்றேன். பி.எட். படித்தவள் இல்லையா. அவர் "ஆமா ஆமா" என்று முறத்தைத் தட்டினார். அந்த ஆமாவில் இருந்த கேலியை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

கவனித்திருக்க வேண்டியவை இன்னும் இருந்தன. கருவாட்டு டப்பா நான் கொடுத்த கணக்குக்கு மேல் குறைந்தது. கணவரைச் சந்தேகப்பட்டேன். அவர் பூனையைச் சந்தேகப்பட்டார். பிறகு ஒரு புதன்கிழமை, தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொல்லைப் பக்கத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"பெரியவனே, தின்னியாடா? மெதுவா தின்னு. ஏன் இப்புடி எளைச்சுப் போயிருக்க?"

மாமியாருக்கு மூன்று பிள்ளைகள். பெரியவர் சிங்கப்பூரில், நடுவிலவர் பெங்களூரில், கடைக்குட்டிதான் என் கணவர். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும்தான் போன் பேசுவார். புதன்கிழமையும் வீடியோவில் வருகிறாரே, தாய்மேல் என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் மாத்திரை போட்டுப் படுத்தேன். மாமியாரின் போன் என் தலைமாட்டில்தான் சார்ஜில் கிடந்தது. கணக்கு டீச்சர் நான், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

வாத்துகள் சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டன. சனிக்கிழமை காலை. நான் காபித் தம்ளரோடு பின்பக்கம் வந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுத்த நெல் தாள் நிற்கும் வயல் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக அசைந்துகொண்டிருந்தது. வாத்துக்காரர் நீளக் கழியோடு வரப்பில் நின்றார். கணவர் தோளில் கயிற்றோடு எங்கள் பக்கத்து வாய்க்கால் கரையில் நின்றார். அந்தக் கயிறு எதற்கென்று எனக்குத் தெரியும். நான் தோற்றால் அன்று சாயங்காலமே மில் சிநேகிதரின் வேன் வரும் என்று ஏற்பாடு.

நாய்கள் கட்டப்படவில்லை. மூன்றும் கொல்லை மூலையில் காதை நிமிர்த்தி நின்றன. ஒரு வாத்து சிறகை அடித்துக் கத்தியது. அவ்வளவுதான், மூன்றும் பாய்ந்தன.

"டைகர்!" என்று கத்தினேன். ஓட்டம் நிற்கவில்லை. "பிஸ்கட்! சின்னது!" கரண்டி உள்ளே இருந்தது, விசில் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. கையைத் தட்டினேன், காபி கொட்டியது. சின்னது வாய்க்கால் மேட்டில் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த கடைசி ஆயுதத்தையும் எடுத்தேன். ஊர் கேட்கும்படி "ஆமென்!" என்று அலறினேன்.

மூன்றும் சடக்கென்று நின்று திரும்பிப் பார்த்தன. என் கையில் தட்டு இல்லை. முன்னால் ஜெபமும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட ஆமெனை நம்புகிற அளவுக்கு அவை ஏமாளிகள் இல்லை. மறுபடி திரும்பி ஓடின. வாத்துக்காரர் கழியை ஓங்கிவிட்டார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, முடிந்தது என்ற முகம்தான் இருந்தது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, கத்தாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற அளவுக் குரலில் ஒரு வார்த்தை வந்தது.

"பெரியவனே. வாடா இங்க."

டைகர் நின்றான். அவன் மட்டும்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என்னைக் கடந்து, நேராக மாமியார் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"நடுவுலவனே, போதும். வந்துடு."

வாய்க்கால் தண்ணீரில் கால் வைத்திருந்த பிஸ்கட் காலை எடுத்து உதறிவிட்டு வந்தான்.

சின்னது மட்டும் அக்கரையில் இருந்தது. முன்னால் இருந்த வாத்துக்கும் அதற்கும் நடுவில் நாலு முழம்தான்.

"கடக்குட்டி! அங்க என்னா வேடிக்கை? நில்லு. நில்லுன்னேன்ல. வா."

நின்றது. வந்தது. கூடவே கயிற்றோடு என் கணவரும் இரண்டு எட்டு வீட்டுப் பக்கம் எடுத்து வைத்துவிட்டார். ஐம்பதைத் தொடப் போகிற மனிதர். பழக்க தோஷம். என்ன செய்தோம் என்று தெரிந்ததும் அங்கேயே நின்று, கயிற்றை எந்தத் தோளில் போடுவது என்று தெரியாமல் தவித்தார்.

அக்கரையில் வாத்துக்காரர் கழியை இறக்கினார். "ஆயா, இந்த மாதிரி என் வாத்தும் கேட்டா தேவலயே!" என்று சிரித்தார். வாத்துகள் ஒன்றும் நடக்காதது போல் நெல் பொறுக்கின.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று நெத்திலி எடுத்தார். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வாயில், அவனவன் தலையைத் தொட்டுக் கொடுத்தார். அந்தக் கை பழகிய கை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் யாரும் இல்லாத பகலெல்லாம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கியது. கோழிக்குக் காவலாக ஒருவனை, வயலுக்குத் துணையாக ஒருவனை, பக்கத்தில் படுத்துக்கிடக்க ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளையை. நான் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

கணவர் வந்து நின்றார். "என்னாம்மா இது? இதுவளுக்கு எங்க பேரா வச்சிருக்க?"

"கூப்ட்டுப் பழகுன வாயிடா. வேற எந்தப் பேரும் வரல" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் சின்னதின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "போன வருசம் அவுத்து வுட்டதும் நான்தான். கட்டிப் போட்டா அழுவுறானுவ. அவுத்துட்டு நான்பாட்டுக்குக் கோயில் ஆராதனைக்குப் போயிட்டேன். தப்புதான்."

பிறகு மகனின் தோளிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"பெரியவன் சிங்கப்பூர் போயிட்டான். நடுவுலவன் பெங்களூர் போயிட்டான். இந்த வீட்டுலேந்து ரெண்டு பேர வண்டி ஏத்தி அனுப்புனது எனக்குப் போதும். இன்னும் ரெண்டு பேர அனுப்பணுமா?"

கணவர் கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். மில்லுக்கு வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது. "எங்க வீட்டுல எல்லாம் அம்மா கையில இருக்கு" என்று சொன்னார். குரல் சரியாக இல்லை.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடுகிறவள்தான். மூடிக்கொண்டு மறுநாள் பாடத்தைப் போட்டுப் பார்ப்பேன் என்பது என் சொந்த ரகசியம். அன்றைக்கு மட்டும் திறந்து வைத்திருந்தேன். மாமியார் மழைக்கு நன்றி சொன்னார், வாத்துக்கு நன்றி சொன்னார், பஞ்சாயத்துத் தலைவருக்கு நல்ல புத்தி கேட்டார். பிறகு எப்போதும் போல் பிள்ளைகளிடம் வந்தார்.

"ஆண்டவரே, என் பெரியவன பாத்துக்க" என்றார். வாசற்படியில் டைகரின் தலை நிமிர்ந்தது. "நடுவுலவன பாத்துக்க." பிஸ்கட் நிமிர்ந்தான். "கடக்குட்டிய பாத்துக்க." சின்னது காதைத் தூக்கியது. ஒருவன் பெயருக்கு இன்னொருவன் அசையவில்லை. இரண்டு வருடமாக என் மூக்குக்கு முன்னால் தினமும் நடந்துகொண்டிருந்த வருகைப் பதிவு அது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பார்த்தால் என் கணவரும் கண்ணைத் திறந்து வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. மூன்று நாய்களும் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன. அவர் அன்றைக்கு ஆமென் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.